ஆறு மானிட்டர்களும் ஒரு ஜோடிக் கண்களும்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று என் மாமியாருக்கு விளக்கப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். மடிக்கணினியில் வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டம் கட்டமாக நிறங்கள் வந்து போகும். காபி கொண்டுவந்து வைக்கும்போது மாமியார் எட்டிப் பார்ப்பார். படம் எதுவும் ஓடாது. ஒருநாள் அவர் பக்கத்து வீட்டம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

“எம் மருமவ இன்னா வேல பாக்குறான்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது? டிவியில படம் வர்றதுக்கு முன்னாடி கலர் கலரா பட்டை வருமே, அத பாத்துக்கினு உக்காந்திருக்கா. அதுக்கு மாசாமாசம் சம்பளம் தராங்க.”

கல்லூரியில் நான்கு வருடம் படித்த யாரும் என் வேலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவர் சொன்னதில் விடுபட்டது கொஞ்சம்தான். சென்னையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் ஸ்டுடியோவில் ஆறு மானிட்டர்கள் இருக்கின்றன. வீட்டு டிவியின் வேலை படத்தை அழகாகக் காட்டுவது. இந்த மானிட்டர்களின் வேலை படம் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டுவது. ஒளிபரப்புக்குப் போகும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் நிறத்தையும் இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நாளாக ஆக மானிட்டரின் நிறம் தானாகவே பிசகும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தை நான் சங்கராபுரத்திலிருந்து ஒரு மென்பொருள் வழியாகச் செய்கிறேன். நான் இங்கே ஒரு பொத்தானைத் தட்டினால் அங்கே மானிட்டரில் நீலம் ஒரு புள்ளி கூடும்.

ஆனால் அளப்பதற்கு அங்கே ஒரு கருவி வேண்டும். அதற்குப் பெயர் புரோப். எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக, ஒரு பக்கம் மட்டும் கண் மாதிரி கண்ணாடி பதித்து இருக்கும். ஸ்டுடியோவின் எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை மானிட்டரின் திரை மேல் கண் படும்படி தொங்கவிடுவார். அது பார்ப்பதை எண்களாக்கி எனக்கு அனுப்பும். அந்த எண்களை வைத்து மென்பொருள் திருத்தும். ஆக, நான் அந்த ஆறு மானிட்டர்களையும் ஒருநாளும் பார்ப்பதில்லை. என் சார்பில் பார்ப்பது அந்த எலுமிச்சம்பழம்தான்.

இந்த ஏற்பாடு எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. என் கணவர் கல்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். திங்கள் காலை மலை ஏறினால் வெள்ளி மாலைதான் இறங்குவார். நான் ஆறு வருடம் சென்னையில் பெண்கள் விடுதியில் இருந்தேன். மகள் சங்கராபுரத்தில் மாமியாரிடம் வளர்ந்தாள். ஒரு குடும்பம் மூன்று ஊரில் மூன்று அடுப்பில் சோறு தின்றது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று நான் தலைமைப் பொறியாளரிடம் கெஞ்சி, சண்டை போட்டு, மறுபடி கெஞ்சி வாங்கிய அனுமதி இது. கொடுக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: “ஒரு தப்பு வந்துச்சுன்னா நீங்க மறுநாளே இங்க இருக்கணும்.” அந்த வாக்கியம் அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தப்பு வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எண்கள் பொய் சொல்லாது என்பது என் கட்சி. கண்ணைத்தான் நம்பக் கூடாது. இதற்கு என் வீட்டிலேயே சாட்சி இருந்தது. கீழே கூடத்தில் உள்ள டிவியில் மாமியார் நிறத்தை உச்சத்தில் ஏற்றி வைத்திருந்தார். செய்தி வாசிக்கிறவர் கரும்பு வெட்டி வந்தவர்போலச் சிவந்துகிடப்பார். ஒருநாள் மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் நான் அதை ஒழுங்காகத் திருத்தி வைத்தேன். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, டிவிக்கு சோகை புடிச்சிருக்குது” என்றார். பழையபடி ஏற்றும்வரை என்னோடு பேசவில்லை.

ஸ்டுடியோவில் நிறத்தைச் சீர்செய்கிறவரை கலரிஸ்ட் என்பார்கள். எங்கள் கலரிஸ்ட் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. இருட்டறையில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாகத் தோல், வானம், புடவை என்று சரிபார்ப்பார். இருபது வருடமாக அதே நாற்காலி. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே படிக்க வைத்தார். நாங்கள் வாரத்தில் மூன்று நாளாவது போனில் பேசுவோம்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து நான் ஆறு மானிட்டர்களையும் வழக்கம்போலத் திருத்தினேன். அந்த முறை மென்பொருள் ஆறிலும் நீலத்தை வழக்கத்தைவிட அதிகமாகக் கூட்டச் சொன்னது. ‘ஏற்கிறீர்களா?’ என்று மஞ்சள் எழுத்தில் கேட்டது. ஏற்றேன். மானிட்டர்களுக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறுக்கும் ஒரே வாரத்தில் எப்படி வயதாகும் என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே கலரிஸ்ட் கூப்பிட்டார்.

“ஏம்மா, மானிட்டர் கொஞ்சம் நீலமா இருக்கே?”

“நேத்துதான் அளந்தேங்க்கா. எண் எல்லாம் சரியா இருக்கு.”

“பக்கத்து ரூம் மானிட்டரையும் பாத்தேன். அதுவும் அப்படித்தான் இருக்கு.”

“பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப மானிட்டர் தப்பில்ல.”

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த மூன்று வாரத்தில் இதையே நாலைந்து முறை சொன்னேன். ஆறு மானிட்டர்கள் ஒரு பக்கம், அவர் கண்கள் ஒரு பக்கம். பெரும்பான்மை என்னிடம் இருந்தது.

அவர் என்ன செய்வார்? மானிட்டர் சரி என்று பொறியாளரே சொன்ன பிறகு, நீலமாகத் தெரிவது படத்தின் குறை என்றுதானே ஆகிறது. படத்தில் மஞ்சளைக் கூட்டி நீலத்தை அமுக்கினார். அவர் திரையில் அது சரியாகத் தெரிந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் நிகழ்ச்சி மஞ்சளாகப் போயிற்று. “இப்பதான் டிவில வர்ற பொம்பளைங்க மஞ்ச பூசிக் குளிக்கறாளுங்க” என்று என் மாமியார் மெச்சினார். அந்த டிவியின் லட்சணம் தெரிந்ததால் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

நிர்வாகத்தில் யாரோ வீட்டில் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார்களாம். தலைமைப் பொறியாளர் என்னிடம் எழுத்தில் அறிக்கை கேட்டார். நான் சாப்பாட்டில் கை வைத்த நேரம் பார்த்துக் கலரிஸ்டும் அன்று ஆறாவது முறையாகக் கூப்பிட்டு அதே நீலத்தைப் பற்றிச் சொன்னார். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சீக்கிரம் போகாது. ‘ஆறு மானிட்டர்களும் அனுமதித்த வரம்புக்குள் உள்ளன’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘பார்ப்பவரின் கண் சோர்வோ பார்வைக் குறைவோ காரணமாக இருக்கக்கூடும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவரைக் கண் மருத்துவரிடம் போய்வரச் சொன்னார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை நிர்வாகத்தின் முன் வரச் சொன்னார்கள். கண் சரியில்லை என்று முடிவானால் அவரை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து, பழைய டேப்புகளுக்குப் பெயர் எழுதி ஒட்டும் அறைக்கு அனுப்புவதாகப் பேச்சு. எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் எண்கள் எண்கள்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

இதற்கிடையில் வியாழக்கிழமை மலையிலிருந்து என் கணவர் போன் செய்தார். அவர் பள்ளி விடுதியில் சமைக்கும் அக்கா மலைக்காரர். மலைச் சமையல் நிகழ்ச்சிக்காக எங்கள் தொலைக்காட்சிக்காரர்கள் போய் அவரைச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கச் சொல்லிப் படம் பிடித்திருந்தார்கள். முந்தின நாள் அது ஒளிபரப்பானது. அக்கா அதைத் தன் போனிலேயே பார்த்துவிட்டு என் கணவரைப் பிடித்துக்கொண்டாராம்.

“உங்க டிவில சாமைச் சோத்த மஞ்சளா காட்டிட்டாங்களாம். மஞ்சத்தூள் போட்டு ஆக்குனேன்னு எங்காளுங்க சிரிக்கறாங்கன்னு அழுவாத குறையா நிக்கறாங்க. நீ கொஞ்சம் கேளேன்” என்றார் அவர்.

கலரிஸ்டின் கண் லட்சணம் என்று நான் முணுமுணுத்தேன். இருந்தாலும் செவ்வாய்க்கிழமைக்குள் என் பக்கம் எல்லாம் பழுதில்லாமல் இருக்கட்டும் என்று, வெள்ளிக்கிழமை காலை மறுபடி அளப்பதற்கு எலக்ட்ரீஷியன் அண்ணனை வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். அவர் திரையில் என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னா மேடம், மூஞ்சி ஃபுல்லா மஞ்சளா கீது?”

மடிக்கணினியைப் பார்த்தேன். மாமியாருக்கு வெள்ளிக்கிழமை என்றால் வாசற்படிக்கு, அரிசிப் பானைக்கு, தையல் மெஷினுக்கு எல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாக வேண்டும். அன்றைக்குச் சம்பளம் தரும் பொட்டி என்று என் கணினிக்கும் வைத்திருக்கிறார். திரைக்கு மேலே நெற்றி மாதிரி இருந்த இடத்தில், சரியாகக் கேமராவின் மேல். நான் காலையில் அதை முந்தானையால் துடைத்திருந்தேன். துடைத்தும் கறை போகவில்லை.

“எங்க வீட்ல பொட்டு வச்சிட்டாங்கண்ணே” என்றேன்.

“அட, நாங்களும் ஆயுத பூஜைக்கு இந்த புரோப்புக்கு வச்சோமே. சந்தனத்துல மஞ்சள் கலந்து நடுக்கண்ணுல வச்சேன், சூப்பரா இருந்துச்சு. எல்லா சாமானுக்கும் வச்சிட்டு இத மட்டும் எப்டி மேடம் உடறது? அப்புறம் துணியால நல்லா தொடச்சிட்டேன்.”

ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அந்தக் கண்ணை அழுத்தித் துடைக்கச் சொன்னேன். அவர் துடைத்துவிட்டுத் துணியைக் கேமரா முன்னால் காட்டினார். எனக்கு எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும் என்று ஒரு கணம் நினைத்து, பிறகுதான் பொட்டு என் கேமராவில், அவர் கேமராவில் இல்லை என்று உறைத்தது. துணியில் இருந்தது உண்மையான மஞ்சள்தான்.

புரோப் ஒரு மாதமாக மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறது. அதற்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்திருக்கிறது. நான் அதை நம்பி ஆறு மானிட்டர்களிலும் நீலத்தை ஏற்றியிருக்கிறேன். ஆறும் ஒரே பொய்யைச் சொன்னதால் அதை உண்மை என்று அறிக்கை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் சரியாக இருந்தது அந்த அம்மாளின் கண் மட்டும்தான்.

துடைத்த புரோப்பை வைத்து அன்று மதியத்துக்குள் ஆறையும் மறுபடி திருத்தினேன். வேலைக் குறிப்பில் ‘வழக்கமான திருத்தம்’ என்று எழுதினேன். உடனே தலைமைப் பொறியாளருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து, பையை என் மடியில் போட்டுவிட்டு, பின்னலை அவிழ்த்துவிடச் சொன்னாள். மறுநாளே இங்க இருக்கணும் என்ற குரல் தலைக்குள் கேட்டது. பின்னலை அவிழ்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கலரிஸ்ட் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஏம்மா, நீ சொன்னதுதான் கரெக்ட்டு! நேத்து சாயங்காலம் டாக்டர் எழுதிக் குடுத்த புதுக் கண்ணாடி வந்துச்சு. இன்னிக்கிப் போட்டுக்கினு உக்காந்தேன், நீலமே இல்ல. எல்லாம் பளிச்சுன்னு சரியா இருக்கு. இத்தனை நாளா உன்னப் போய்த் தொந்தரவு பண்ணினேன் பாரு. மனசுல வச்சுக்காதம்மா.”

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. “பரவால்லங்க்கா” என்றேன். பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு விடுதி முறை. மனசு சரியில்லை, நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, அணையைக் கடந்து மலைப்பாதையில் திரும்பியதும் காற்று குளிர்ந்தது. வழியெல்லாம் நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். கடைசியில், “சொல்லிட்டன்னா நீ மறுபடியும் மெட்ராஸ் போவ வேண்டியதுதான் இல்ல?” என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்வி வசதியாக இருந்தது.

விடுதியில் சமையல்கார அக்கா எனக்குத் தட்டு வைத்துச் சாமைச் சோறு போட்டார். போட்டுவிட்டு நகராமல் நின்றார்.

“நல்லா பாரும்மா. இது வெள்ளையா, மஞ்சளா?”

“வெள்ளைதாங்க்கா.”

“அப்புறம் ஏன் டிவில அப்படி வந்துச்சு? படம் புடிச்சவங்க தப்பா?”

“இல்லக்கா. மிஷின் தப்பா அளந்துடுச்சு. அத நான் கவனிக்கல. என் தப்புதான்.”

எவ்வளவு சுலபமாக வந்தது! யாரிடம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாதோ அவரிடம் உண்மை தாராளமாக வந்தது. அக்காவுக்கு முகம் தெளிந்துவிட்டது. தன் சோற்றின் மேல் விழுந்த பழி போனதில் இன்னொரு கரண்டி போட்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: “அப்ப இதுக்காவ வேற யாரையும் அங்க திட்டலையே?”

“ஒரு அம்மாவத் திட்டறாங்க.”

“அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லணும்” என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றேன்.

திங்கட்கிழமை முழுக்க ஒரு கடிதம் எழுதினேன். எழுதினேன் என்றால், முதல் வரியை எழுதி அழித்தேன். முதலில் ‘புரோப்பில் சிறு மாசு’ என்று எழுதினேன். சிறு என்பதை எடுத்தேன். பிறகு மறுபடி சேர்த்தேன். நாளைக் கூட்டத்தில் அவரை எச்சரித்து விட்டுவிடுவார்கள், புதுக் கண்ணாடி போட்டுவிட்டார், எல்லாம் சரியாகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். என்னைவிட நல்ல வக்கீல் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

செவ்வாய் மாலை தலைமைப் பொறியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் துல்லியமான அறிக்கை விசாரணைக்குப் பெரிதும் உதவியது’ என்று நன்றி சொல்லி, என் கோப்புக்காக ஒரு கடிதத்தின் நகலை இணைத்திருந்தார். கலரிஸ்ட் தன் கையால் எழுதிய கடிதம். கோடு போட்ட தாளில், பள்ளிப் பிள்ளைபோலக் குண்டுகுண்டாக. ‘என் பார்வைக் குறைவை நான் உணராமல் மானிட்டர்களின் மேல் பழி சொன்னது என் தவறு. நிர்வாகம் எனக்கு எந்த வேலை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்து.

அதைப் படித்து முடித்தபோது எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. நாலு நாளாக எழுத வராத கடிதத்தைப் பத்து நிமிடத்தில் எழுதினேன். புரோப், பொட்டு, நீலம், அறிக்கையில் நான் சேர்த்த வரி, எதையும் மறைக்கவில்லை. தலைமைப் பொறியாளருக்கு அனுப்பி, கலரிஸ்டுக்கும் ஒரு நகல் போட்டேன். பிறகு அலமாரியின் மேலிருந்த சூட்கேஸை இறக்கித் தூசு தட்டினேன். “எங்கடி கிளம்பற?” என்று மாமியார் கேட்டார். மெட்ராசுக்கு என்றேன். அவர் சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

புதன் காலையில் பதில் வந்தது. என் நேர்மையை நிர்வாகம் பாராட்டுகிறதாம். இனி கருவிகளுக்குப் பொட்டு வைப்பதானால் பெட்டியின் மேல் மட்டும் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போகிறதாம். ஸ்டுடியோவில் இப்போது கூடுதல் மேசை போட இடமில்லாததால் நான் சங்கராபுரத்திலிருந்தே தொடரலாமாம். கலரிஸ்டின் கடிதம் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது, அவர் இடத்துக்கு வேறு ஆளையும் போட்டாகிவிட்டது, எனவே அவர் டேப் அறையில் தொடர்வார் என்று கடைசியில் ஒரு வரி. அது திருத்த முடியாத வரி என்பது அவர்கள் எழுதிய விதத்திலேயே தெரிந்தது.

நான் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது நடக்கவே இல்லை. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. மேசை போட அன்றைக்கும் இடமில்லை.

பதினோரு மணிக்குக் கலரிஸ்ட் கூப்பிட்டார். போனுக்குப் பின்னால் டேப் பெட்டிகளை யாரோ அடுக்கும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கவிடவில்லை.

“லெட்டர் படிச்சேம்மா. அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?”

“நல்லாத்தான் இருந்துச்சுங்க்கா.”

“பையன் வேற ரெண்டு நாளா நம்ம அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சான்னு அழுதுக்கினு இருந்தான். அவன்கிட்ட சொல்லணும்.” பிறகு கேட்டார்: “இந்தப் பொட்டு விஷயம் உனக்கு எப்பம்மா தெரிஞ்சது?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை.

“வெள்ளிக்கிழமைங்க்கா.”

பெட்டி அடுக்கும் சத்தம் நின்றது. கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவேண்டும் என்று விரும்பினேன்.

“நான் கையெழுத்துப் போட்டது செவ்வாக்கிழமைம்மா” என்று மட்டும் சொன்னார்.